காதுகுத்தில் நனைந்த வேட்டி

என்னைத் தூக்கி வளர்த்த ரஞ்சிதம் அக்காவுக்கு, தேவராசு எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. போன இடத்தில் நலம் கெடுவதற்கு என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கேயாவது வாய்விட்டுச் சிரிக்கிறாயா அக்கா? ஏன் கேட்கிறேன் என்பது கீழே வரும். நாம் பேசுவதை நாலு பேர் எட்டிப் பார்த்துப் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன். படிக்கிறவர்களில் ஒருவராவது போய் டாக்டரைப் பார்த்தால் சரி.

முதலில் ஊர்ச் செய்தி. ஆவடி குவார்ட்டர்ஸில் நீ இருந்த வீட்டில் இப்போது மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. நீ வைத்த முருங்கை மாடிக்கு மேலே போய்விட்டது. முகப்பேர் பக்கம் வெறும் பொட்டலாகக் கிடந்ததே, அங்கெல்லாம் அடுக்கு வீடு. உன் மகள் செல்வி மாங்காட்டில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பையன், கார்த்தி. நீ பார்க்காத பேரன். மூக்கு அப்படியே உன் மூக்கு. என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறான்.

நான் அதே மண்ணூர்பேட்டையில், அதே ஒற்றை அறையில்தான். எனக்குப் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள், நான்தான் மசியவில்லை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு உண்மை தெரியும், விடு. தொழிலில் மட்டும் குறை சொல்ல முடியாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், லேத் மெஷினில் நான் கடைந்த ஒரு சாமானை ஜெர்மன்காரன் ஒருத்தன் கையில் எடுத்துப் பார்த்து, இது மெஷின் செய்ததா மனுஷன் செய்ததா என்று கேட்டான். அவன் ஜெர்மன்காரனா, டெல்லிக்காரனா என்பதில் பட்டறையில் இரண்டு கட்சி இருக்கிறது. நான் ஜெர்மன் கட்சி.

இப்போது என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் எனக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயசான ஆம்பிளைகளுக்கு மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி வீங்குமாம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எலுமிச்சம்பழம் அளவு என்று டாக்டர் சொன்னார். பட்டறைக்குத் திரும்பி வந்து நான் தேங்காய் அளவு என்றேன். சென்னையில் உள்ள டாக்டர்களெல்லாம் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டார் என்றும் சொன்னேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அன்றைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அடைப்பு போயிற்று. கூடவே கதவும் போயிற்று அக்கா. இருமினால் சொட்டுகிறது. குனிந்தால் சொட்டுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கி கால் தரையில் பட்டதும் சொட்டுகிறது. எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் வேட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். நிறையப் பேருக்கு ஆகிவிடுமாம். எனக்கு ஆகவில்லை.

முதலில் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். அதற்கு மேலே பிளாஸ்டிக் கவர். வெயிலில் அது வெந்து தொடையெல்லாம் புண். கறுப்பு பேன்ட்தான் போடுவது. பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. ஒரு கிழவர் நிற்கிறாரே என்று எழுந்து இடம் கொடுத்த பையனை, எனக்கென்ன வயசாகிவிட்டதா என்று திட்டிவிட்டேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எந்தச் சந்தில் ஒதுங்கலாம், எந்த டீக்கடைக்காரன் பின்பக்கம் விடுவான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அறையில் சோப்பு வாசனையும் அந்த வாசனையும் கலந்து ஒரு மூன்றாவது வாசனை வருகிறது. அதனால் யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை. வாசலிலேயே நிற்க வைத்துக் கதை பேசி அனுப்பிவிடுகிறேன்.

பட்டறையில் என்ன செய்தேன் தெரியுமா? இதை நீ மெச்சுவாய். மூத்த ஆள் என்று என்னை அளவு பார்க்கும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். ராஜா மாதிரி வேலை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. நான் முதலாளியிடம் போய், என்னை மறுபடி லேத்துக்கே மாற்றுங்கள் என்று கேட்டேன். இரும்பு கடையும்போது சூடு ஆறுவதற்காக எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்குமே, அது தெறித்து லேத்காரன் பேன்ட் முன்பக்கம் எப்போதும் நனைந்துதான் இருக்கும். அந்த ஈரத்தில் என் ஈரம் யாருக்குத் தெரியப் போகிறது?

பக்கத்து லேத் மாணிக்கம் சும்மா விடுவானா?

“இன்னா அண்ணாத்தே, பேனுக்குக் கீழ உக்காந்துகினு கீறத வுட்டுட்டு இங்க வந்து நிக்கிற? மெண்டலா நீ?”

“நான் போனதுலேந்து இந்த மெஷின் அழுவுதுடா. உன் காதுல வுழல?”

“மெஷின் அழுவுதா! எங்க, கண்ணத் தொடச்சி வுடு பாக்கலாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் நனைந்தது. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.

இப்படியே ஓட்டினேன். வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதையே விட்டேன். குடிக்காவிட்டால் வராது என்பதுதானே கணக்கு? உள்நாக்கு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மூத்திரம் மஞ்சளாகக் குழம்பி, எரிந்து, முன்னைவிட அவசரமாக முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் எரிச்சல் தாங்காமல் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்த முறை ஒரு பொம்பிளை டாக்டர். செல்வி வயசுதான் இருக்கும். இந்தப் பெண்ணிடம் போய் எதைச் சொல்வது என்று, தலைவலி, கால்வலி, கண் எரிச்சல் என்று சுற்றி வளைத்தேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டது.

“பெரியவரே, இருமும்போது போவுதா? தும்மும்போது? சிரிக்கும்போது?”

சிரிக்கும்போது என்று அந்த அம்மா சொன்னதும் எனக்கு ஆவடி வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது அக்கா.

உன் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் படம் பார்க்க லைன் வீட்டுக்காரர்களெல்லாம் வருவார்களே. நடுவில் கரண்ட் போய்விடும். உடனே, மாமா ஒரு கதை சொல்லு, மாமா ஒரு கதை சொல்லு என்று என்னைச் சுற்றிக்கொள்வார்கள். பூந்தமல்லி சந்தையில் காளை மாட்டை ஒற்றைக் கையால் நிறுத்திய கதை, அம்பத்தூர் ஏரியில் முதலை பிடித்த கதை. உருண்டு உருண்டு சிரிப்பார்கள். நீ மட்டும் எழுந்து போவாய். பால் பொங்குது என்பாய், துணி காயுது என்பாய். ஒன்றும் கிடைக்காவிட்டால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கால் மேல் காலை இறுக்கிப் பின்னிக்கொண்டு, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நிற்பாய்.

ஊரே சிரிக்குது, கூடப் பிறந்தவள் சிரிக்கவில்லையே என்று எனக்கு வீம்பு. உன்னைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று முதலைக்கு வால் நீட்டினேன். ஒரு நாள் நீ கத்தினாய். “போதும்டா தேவராசு, வாய மூடிக்கினு எழுந்து போடா.” பத்துப் பேர் முன்னால். நான் சோறு தின்னாமல் எழுந்து போய்விட்டேன். அந்தச் சண்டைக்குப் பிறகு எத்தனை நாள் நான் அந்தப் பக்கம் வரவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் உன்னை வெறுப்பேற்றிவிட்டேன் என்று நினைத்தேன். என் கதை உனக்குப் பிடித்துத்தான் இருந்ததா அக்கா? இதற்குப் பதில் சொல்ல நீ இல்லை.

நீ கதவு நிலையைப் பிடித்து நின்றதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். பிரசவத்தில் கஷ்டப்பட்ட பெண்களுக்கு அடிவயிற்றுத் தசை தளர்ந்துவிடுமாம். சிரித்தால், இருமினால், குடம் தூக்கினால் ஒழுகுமாம். நிறையப் பேருக்கு இருக்கிறதாம், யாரும் வாய் திறப்பதில்லையாம். பயிற்சி இருக்கிறது, மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷனும் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது. “தண்ணி குடிக்காம மட்டும் இருக்கக்கூடாது. மூத்திரம் கெட்டியானா அவசரம்தான் அதிகமாகும். கிருமி சேரும். கிட்னி வரைக்கும் போவும்.”

கடைசியில் உனக்குக் கிட்னியில் கிருமி என்றுதானே சொன்னார்கள்?

நீ அடர் நிறப் புடவையே கட்டியது, கல்யாண வீட்டில் உட்காராமல் நின்றது, வெயிலில் வந்தாலும் ஒரு வாய் தண்ணீர் வேண்டாம் என்றது, எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. ரஞ்சிதத்துக்குத் திமிர், குவார்ட்டர்ஸ் வீடு கிடைத்த பிறகு யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கேட்டுக்கொண்டு இருந்தோம். ஏன் குடிக்கவில்லை என்று உன்னை யாராவது கேட்டோமா?

டாக்டரம்மா எனக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தது. மூத்திரம் போகும்போது நடுவில் நிறுத்துகிற மாதிரி உள்ளே இழுத்துப் பிடித்து, மெல்ல விட வேண்டும். போகும்போது செய்யக்கூடாது, சும்மா இருக்கும்போது செய்ய வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாது, பஸ் ஸ்டாப்பில் நின்றுகூடச் செய்யலாம். முட்டும் வரை காத்திருக்காமல் நேரம் வைத்துப் போக வேண்டும். டீயைக் குறைக்க வேண்டும். துணி நனைந்தால் உடனே மாற்றி, கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், விடாமல் செய்யுங்கள் என்றது. கொஞ்ச நாள் செய்தேன். ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். விட்ட இடத்தில்தான் செல்வி வந்தாள்.

கார்த்திக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். செல்விக்கு அண்ணன் தம்பி கிடையாது, பங்காளி வகையிலும் ஆள் இல்லை. அவளுக்கு மாமன் நான்தான், அவள் பிள்ளைக்கும் மடி நான்தான். பிள்ளைக்கு ஒரு வயசு ஆனதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் வேலை, வேலை என்று தள்ளினேன். அதற்குப் பிறகு தள்ளியதெல்லாம் பொய். கம்பெனியில் என்னை ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள் என்றேன். ஜோசியர் எனக்குக் கண்டம் சொல்லியிருக்கிறார் என்றேன். பிள்ளைக்கு மூன்று வயசு தாண்டிவிட்டது. கடைசியில் அவளே மண்ணூர்பேட்டைக்கு வந்துவிட்டாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா மாமா, உள்ள வான்னுகூடச் சொல்ல மாட்டியா?”

“உள்ள சாமானெல்லாம் எறைஞ்சி கெடக்குது செல்வி. ஜெர்மனிக்குப் போறதுக்கு மூட்டை கட்டிகினு கீறேன்.”

“ஜெர்மனி, ஜெர்மனி! நீ அம்பத்தூர் தாண்டி எங்கயாச்சும் போயிகிறியா? எங்க மாமியாரு இன்னா கேக்கறாங்க தெரியுமா? ஒங்க ஊட்ல மடி குடுக்க ஒரு நாதி இல்லையாடின்னு கேக்கறாங்க. டெய்லி கேக்கறாங்க. அம்மா இருந்தா நான் ஒங்கிட்ட வந்து நிப்பனா?”

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நீ அழுவதும் அப்படித்தான். நான், “வரேன்டி, அளுவாத, வரேன். மாங்காடே பாக்காத மாரி ஒரு சீரோட வரேன்” என்று சொல்லிவிட்டேன்.

காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு சபையில் உட்கார வேண்டியவன் நான்தானே, அந்த அம்மா இல்லையே? உள்ளே துணியைப் பெரிய மடிப்பாக வைத்தேன். உட்கார்ந்தால் தெரியாது. நடந்தால் வாத்து மாதிரி இருந்தது. மாணிக்கத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சீர்த் தட்டுகளோடு போய் இறங்கினேன். கோயிலில் மொட்டை போட்டு, பக்கத்தில் எடுத்திருந்த சின்ன மண்டபத்தில் காது குத்து. மேளம் வாசித்தார்கள். தாய்மாமன் வந்துட்டாரு, வழி வுடுங்க என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் நான் எல்லாவற்றையும் மறந்து மீசையை முறுக்கினேன்.

மணையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பட்டு டவுசர் போட்டு, கார்த்தியை என் மடியில் வைத்தார்கள். ஒரு வயசுக் குழந்தையாக இருந்திருந்தால் பூ மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் தள்ளித் தள்ளிப் போட்டதில் அவன் நல்ல கனம் ஏறியிருந்தான். வாயில் சர்க்கரை போட்டேன். “வலிக்குமா தாத்தா?” என்றான். “நான் கீறேன்ல, சிங்கம்டா நீ” என்றேன். ஆசாரி முதல் காதில் குத்தியதும் அவன் வீலென்று கத்தி, முழங்காலை மடக்கி என் அடிவயிற்றில் ஒரு உதை விட்டான்.

அவ்வளவுதான். நிறுத்தப் பார்த்தேன் அக்கா. பல்லைக் கடித்துப் பார்த்தேன். இரண்டாவது காது குத்துவதற்குள் துணி, மடிப்பு எல்லாவற்றையும் தாண்டி வேட்டி நனைந்து, மணையில் வழிந்து, கீழே கோலத்தைக் கரைத்தது.

மேளத்தையும் மீறி ஒரு சிரிப்பு எழுந்தது.

“அய்யய்யோ, மாமனுக்கு அபிசேகம் பண்ட்டான்யா பையன்!”

“மாமன் சீரு குட்த்தாரு, அவன் பதில் சீரு குட்த்துட்டான்!”

“நல்ல சகுனம்தான், வுடுங்க. மடியில பேஞ்ச புள்ள மாமன மறக்காது!”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஒருத்தருக்கும் சந்தேகமே இல்லை. காது குத்தும்போது குழந்தை மூத்திரம் போவது உலக வழக்கம். நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அவன் கைக்குழந்தை இல்லையே. அழுகையை நிறுத்திக் கீழே பார்த்தான். தன் டவுசரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

“நான் போவல! நான் போவலம்மா! தாத்தாதான் போனாரு!”

செல்வி ஓடிவந்து அவனைத் தூக்கினாள். தூக்கும்போது அவள் கை டவுசரின் முன்பக்கம் பட்டது. என் முகத்தைப் பார்த்தாள். மறு நிமிஷம் அவன் தொடையில் பளீரென்று ஒரு அடி.

“பெரியவங்க மேல பழி போடுவியா? பொய் சொல்லுவியா?”

காதில் ரத்தம் காயாத பிள்ளை அக்கா.

மண்டபத்துக்குப் பின்பக்கம் குழாயடியில் நான் நின்றிருந்தேன். செல்வி தன் புருஷனுடைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து திட்டின் மேல் வைத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“அவன் டவுசர் முன்னாடி காஞ்சிதான் இருந்திச்சி மாமா, அடியில மட்டும்தான் ஈரம். தெரிஞ்சிதான் அடிச்சேன்.”

நான் ஈர வேட்டியைக் குழாயில் பிடித்து அலசினேன்.

“அம்மா பாவாடைங்கள நான்தான் தொவைப்பேன். ஸ்கூலு போறதுக்கு முன்னாடி தொவைச்சி, வெளிய கொடியில போடாம ரூமுக்குள்ள காய வெச்சிட்டுப் போவேன். யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சி. ஒனக்கும்தானா மாமா? எப்பலேந்து?”

சொன்னேன். ஆபரேஷன், லேத், தண்ணீர், எல்லாம். எதையும் கூட்டாமல் ஒன்றைச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தி போட்டுட்டாங்க வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பந்தியில் கார்த்தியை என் எதிர் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். இலையைத் தொடவில்லை. காதில் புதுக் கடுக்கன், கன்னத்தில் கண்ணீர்க் கோடு. செல்வியின் மாமியார் சாம்பார் வாளியோடு வந்தவர், “மூத்திரக் குண்டானுக்கு இன்னா வேணும்? இவனப் போயி இஸ்கூல்ல சேக்கணுமாம். டவுசர்லயே போறவன எவ சேத்துப்பா?” என்றார். பக்கத்துப் பிள்ளைகள் மூத்திரக் குண்டான், மூத்திரக் குண்டான் என்று பாட்டாகவே எடுத்துவிட்டன. அவன் வாய் மட்டும் அசைந்தது. என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியும்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

“நிறுத்துங்க. கொழந்த போவல. நான்தான் போனேன். ஆபரேசன் ஆனதுலேந்து எனக்கு நிக்கறதில்ல. தானா ஒழுவுது. அவன் மேல தப்பு இல்ல.”

சாம்பார் வாளி பாதி வழியில் நின்றது. மானம் போயிற்று, போகட்டும் என்று இருந்தேன். அப்போது செல்வியின் மாமனார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“பாருய்யா மாமன! பேரன் அழுவறான்னு பழிய தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு பாரு! இவுரு மாமன்!”

மாணிக்கம் இலையிலிருந்து நிமிர்ந்தான். “எந்த ஆபரேசன் அண்ணாத்தே? தேங்கா சைசுல எடுத்தாங்க, டாக்டருங்க கும்புட்டாங்கன்னியே, அந்த ஆபரேசனா?”

மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றார். செல்வியின் மாமியார் எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைத்தார். செல்வி மட்டும் தூணோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது என் முகம் எனக்குச் சொந்தமாக இருப்பதில்லை. நானும் சிரித்துவிட்டேன். கார்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் போனேன் என்று சொன்னபோது அவன் முகம் விளக்குச் சுடர் மாதிரி நிமிர்ந்தது. நான் சிரித்ததும் இறங்கிவிட்டது.

என்னிடம் கூட்டிச் சொல்லாத உண்மை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் யாரும் நம்பவில்லை. இனி நான் எங்கே போய் யாரிடம் சொல்வது? லேத்தில் நிற்கிறேன், வெள்ளைத் தண்ணீர் தெறிக்கிறது, மாணிக்கம் அபிஷேகக் கதையை எஸ்டேட் முழுக்கச் சொல்லிவிட்டான். வழியில் போகிறவனெல்லாம் நல்ல மாமன் என்கிறான். கேட்கக் கேட்க எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கிறது. உன்னிடம் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டுக்குப் போனேன். கார்த்தி கதவுக்குப் பின்னால் நின்றான். மிட்டாய் கொடுத்தேன், வாங்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, “அன்னிக்கிப் போனது நான்தான்டா ராஜா, நீ இல்ல” என்றேன். என்னை ஒரு பெரிய மனுஷன் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“இல்ல. தாத்தா கதை வுடுவாரு. நான்தான் போனேன். இனிமே போவ மாட்டேன்.”

செல்வி அடுப்படியிலிருந்து மெல்லச் சொன்னாள். “வெளிய கெளம்பறோம்னா இப்ப தண்ணி குடிக்க மாட்டேங்கறான் மாமா. வாய இறுக்கி மூடிக்கறான். பால்வாடிக்குப் போறப்ப டம்ளரத் தட்டி வுட்டுட்டான்.”

நீ குடிக்கவில்லை. நான் குடிக்கவில்லை. நோய் எதுவும் இல்லாத பிள்ளை அவன். அவனும் குடிக்க மாட்டேன் என்கிறான். இதைச் செய்துவிட்டு நான் இன்னும் மீசை வைத்துக்கொண்டு திரிகிறேன் அக்கா.

சொல்லி அவனை நம்ப வைக்க என்னால் முடியாது. என் வாய்க்கு அந்தத் தகுதி இல்லை. அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு மாங்காட்டுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவேன். உள்ளே துணி வைக்க மாட்டேன். அவன் எதிரில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடிப்பேன். நனைகிறபோது எழுந்து ஓட மாட்டேன். சிரிக்கவும் மாட்டேன். அவன் கண்ணால் பார்க்கட்டும். நம்புகிற வரைக்கும் ஞாயிறு ஞாயிறாகப் போவேன், அவன் டம்ளரைக் கையில் வாங்குகிற வரைக்கும்.

உனக்குத் தம்பி, உன் மகளுக்கு மாமன்,
உன் பேரனுக்குக் கடன்பட்ட தாத்தா,
தேவராசு